நெக்ரோனில மிக்ஸர்னு ஒண்ணும் கிடையாதுங்க

ஜின், கேம்பரி, ஸ்வீட் வெர்மூத் மூணையும் சம அளவுல கலக்கற காக்டெய்ல்தான் நெக்ரோனி. மிக்ஸர்னா மதுவோட கலக்கற சோடா, ஜூஸ் மாதிரி ஆல்கஹால் இல்லாத சமாச்சாரம். இங்க ஸ்காட்லாந்துல, எடின்பரால டிசம்பர்ல மூணே முக்காலுக்கெல்லாம் இருட்டிடும், அதனால நாலு மணிக்கே கிளாஸை எடுத்துடறாங்க, அதை நான் தப்பு சொல்லல. ஆனா போன வாரமும் ஒருத்தர் எங்க பார் கவுன்ட்டர்ல வந்து நின்னு, "வீட்ல ரெண்டு நெக்ரோனி போட்டுட்டு கார்லதான் வந்தேன், ஜின் கொஞ்சம்தானே, மீதியெல்லாம் மிக்ஸர்"னு கூலா சொல்றாரு. சாவியை வாங்கி வச்சுட்டு டாக்ஸில அனுப்பினோம். இந்த "மிக்ஸர்" கதையைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு.

கேம்பரிங்கற கசப்பான இத்தாலிய மது மிக்ஸர் இல்ல. இங்க விக்கிறது 25 சதவீதம் ஆல்கஹால். ஸ்வீட் வெர்மூத்தும் மிக்ஸர் இல்ல, அது 15 சதவீதம் பக்கத்துல இருக்கற ஒயின் வகை. நன்னாரி சர்பத் மாதிரி செவப்பா இருக்குங்கறதுக்காக அது சர்பத் ஆயிடாது! மூணும் 30 மில்லி, ஜின் 40 சதவீதம்னு வைங்க, ஒரு கிளாஸ்ல சுத்த ஆல்கஹால் மட்டும் 24 மில்லி, அதாவது 2.4 யூனிட் (10 மில்லி சுத்த ஆல்கஹால் ஒரு யூனிட்), 4 சதவீத பீர் ஒரு பைன்ட்டை (568 மில்லி) விடக் கொஞ்சம் கூடவே. கண்ணளவுல ஊத்தறவங்க கை 50 மில்லிக்குக் கீழ நிக்கறதை நான் பார்த்ததே இல்ல. 1919-ல ஃப்ளாரன்ஸ்ல கவுன்ட் நெக்ரோனிங்கற பிரபு, கேம்பரி, ஸ்வீட் வெர்மூத், சோடா கலந்த அமெரிக்கானோ காக்டெய்ல்ல இருந்த சோடாவை எடுத்துட்டு ஜின் ஊத்தச் சொன்னாருன்னுதான் கதையே, அப்புறம் மிக்ஸர் எங்கேர்ந்து வரும்?

கசப்பா இருக்கு, மருந்து மாதிரி, குளிருக்கு நல்லதுன்னும் சொல்லாதீங்க. தோல்தான் சூடாகுது, உடம்புச் சூடு வெளியதான் போகுது.

போடறதுன்னா ஒழுங்கா போடுங்க. அளவு கப் வாங்குங்க, நாலு பவுண்டு கூட ஆகாது. பெரிய ஐஸ் போட்டு அரை நிமிஷம் கலக்குங்க, அந்த உருகற தண்ணிதான் டேஸ்ட்டே, குலுக்காதீங்க ப்ளீஸ். ஆரஞ்சுத் தோலைப் பிழிஞ்சு போடுங்க. திறந்த வெர்மூத் ஃப்ரிட்ஜுக்குப் போகணும், ஷெல்ஃப்ல வச்சா கெட்டுப்போயிடும், நெக்ரோனி பிடிக்கலன்னு சொல்றவங்கள்ல பாதிப்பேர் குடிச்சது அந்தப் பழைய வெர்மூத்தைத்தான். வெறும் வயித்துல வேண்டாம். தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை எடுக்கறவங்க தொடவே வேண்டாம்.

ஸ்காட்லாந்துல வண்டி ஓட்டறவங்களுக்கு ஆல்கஹால் லிமிட் 2014-லேர்ந்தே 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம், இங்கிலாந்துல 80, அங்க ஓட்டின கணக்கை இங்க போடாதீங்க. ராத்திரி நாலு அடிச்சவங்க காலைல பிள்ளைங்கள ஸ்கூல்ல விட காரை எடுக்காதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். வீட்டுக்கு வந்தவங்க ரெண்டாவது கேட்டா ஜின்னை விட்டுட்டு சோடா ஊத்தி அமெரிக்கானோவா குடுங்க, அதே கசப்பு, அதே செவப்பு, ஆல்கஹால் பாதிதான்.