விரதம் எடுக்கும் முன் மருந்துப் பையைத் திறந்து பாருங்கள்

தைப்பூசத்துக்கு 48 நாள் இருக்கும்போது மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புறப் பட்டணங்களில் மஞ்சள் துணி வியாபாரம் சூடுபிடிக்கும். அதே வாரங்களில் கிளினிக்கின் மருந்துக் கவுண்ட்டரில் இன்னொன்றும் தெரியும். தீர்ந்திருக்க வேண்டிய மாத்திரை தீராது. "இன்னும் வீட்ல இருக்கும்மா, அடுத்த மாசம் வாங்கிக்கிறேன்" என்பார்கள். எத்தனை அட்டை மிச்சம் என்று விசாரித்தால் விஷயம் வெளியே வரும்: விரதம், ஒரு வேளைச் சாப்பாடு, ஆகவே மருந்தும் ஒரு வேளை. சிலருக்கு மருந்தே கிடையாது.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் ஒப்பாது. 48 நாள் குடியில்லை, சிகரெட் இல்லை, விடியலில் குளியல், நேரத்தோடு உறக்கம், வாய்ச்சண்டைக்குப் போகாத கட்டுப்பாடு. டாக்டர் எத்தனை முறை சொல்லியும் நடக்காத காரியங்களை ஒரு மஞ்சள் துணி நடத்திவிடுகிறது. மருந்தையும் தீட்டுப் பட்டியலில் சேர்த்துவிடும்போதுதான் வினை தொடங்குகிறது.

சேர்க்கச் சொல்லி எந்தச் சாத்திரமும் கட்டாயப்படுத்தவில்லை. மகாபாரதத்தின் உத்தியோக பர்வத்தில் விதுரர் சொல்வதாக ஒரு சுலோகம் வருகிறது. விரதத்தைக் கெடுக்காதவை எட்டு என்று அது கணக்குச் சொல்லும்: தண்ணீர், கிழங்கு, பழம், பால், அவிசு (வேள்விப் படையல்), பிராமணரின் விருப்பம், குருவின் வாக்கு, மருந்து. தண்ணீரும் மருந்தும் பட்டியலிலேயே இருக்கின்றன. விரலில் குத்தி இரத்தச் சர்க்கரை பார்ப்பதாலும் விரதம் முறியாது. கோயில் ஐயர் வாயால் இதை ஒருமுறை ஒலிபெருக்கியில் சொல்ல வைத்தால், மருந்தகத்தில் நாங்கள் பத்து முறை சொல்வதைவிட வேகமாகப் போய்ச் சேரும்.

சேர வேண்டிய ஆட்களும் குறைவில்லை. 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் (நீரிழிவு). இந்தியர்களை மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. பால்குட வரிசையில் பத்துப் பெரியவர்கள் நின்றால், அதில் இரண்டு மூன்று பேராவது மருந்துப் பை வைத்திருப்பவர்கள் என்று எண்ணிக்கொள்வது தவறாகாது.

விரதத்தில் சர்க்கரை இறங்கும் என்றே எல்லாரும் பயப்படுகிறார்கள். பகலில் இறங்குவது உண்மை. இரவில் ஏறுவதை யாரும் கவனிப்பதில்லை. நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவர் மாலையில் உட்காரும்போது தட்டில் என்ன இருக்கிறது? மலைபோல் வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு பிரட்டல், அப்பளம், பாயாசம், கோயிலில் கொடுத்த கேசரி, முடிவில் கெட்டிப்பால் தே. சைவம் என்பதாலேயே அது மாவுச்சத்தில் குறைந்துவிடாது. ஒரு மேசைக்கரண்டி கெட்டிப்பாலில் ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை. ஒரு கிளாஸ் தேயில் இரண்டு மூன்று கரண்டி சாதாரணமாகப் போகும். கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் "சுக்கு சுக்கு செப்பாரோ" (மலாயில் கால், கால், பாதி) தட்டு விரதத்துக்கும் பொருந்தும்: பாதித் தட்டு காய், கால் தட்டு சோறு, கால் தட்டு பருப்பு, கொண்டைக்கடலை, சோயாவில் செய்த தெம்பே அல்லது தவ்வு. உங்கள் நேர்த்திக்கடன் இடம் கொடுத்தால், காலையில் ஒரு கிளாஸ் பாலும் ஒரு சிறு பழமும் வைத்துக்கொள்ளுங்கள். 250 மில்லி பாலில் 12 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. பகல் இறக்கத்தைத் தடுக்க அது பெரிய உதவி.

இனி மருந்துகள். எந்த மாத்திரை என்பதைப் பொறுத்துத்தான் ஆபத்து. மெட்ஃபோர்மின் தனியாக இருந்தால் சர்க்கரையை அபாயமாக இறக்காது; சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் குமட்டும். கிளிக்லசைட் வேறு சாதி. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை; கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். காலையில் அதை விழுங்கிவிட்டு மாலைவரை பட்டினி இருந்தால், மதியம் தாண்டும்போது விழுவதற்கு வாய்ப்பு அதிகம். ஒரு வேளைச் சாப்பாடு என்றால், சாப்பிடாத வேளைக்கான கிளிக்லசைட்டை விட்டுவிடச் சொல்வது வழக்கம். அதை டாக்டரோ மருந்தாளரோ உங்கள் அட்டையைப் பார்த்துச் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டு அக்கா சொல்லக் கூடாது.

இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கு நோன்பு மாத அனுபவம் கைகொடுக்கும். முஸ்லிம் நோயாளிகளுக்காக நீண்ட கால இன்சுலினை 15 முதல் 30 விழுக்காடு குறைப்பது, கலப்பு இன்சுலினின் வேளைகளை மாற்றுவது என்று வகுத்த முறைகள் நம் நாட்டு கிளினிக்குகளில் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளன. நம் விரதம் இன்னும் எளிது, தண்ணீர், பால், பழத்துக்கு இடம் இருக்கிறதே. "டாக்டர், தைப்பூச விரதம், நோன்புக்குச் செய்ற மாதிரி எனக்கும் மருந்து மாத்தித் தாங்க" என்று கேட்டால் போதும். 6 வாரம் முன்பே கேளுங்கள். காப்புக் கட்டிய மறுநாள் வந்தால் பரிசோதனைக்கோ ஒத்திகைக்கோ நேரம் இருக்காது.

எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்று "கிளிஃப்ளோசின்" என முடியும் பெயருள்ள மாத்திரை பையில் இருந்தால் தனியாக எடுத்துக் காட்டுங்கள். அது சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும், கூடவே தண்ணீரையும். நீண்ட பட்டினியில் இரத்தத்தில் அமிலம் சேரலாம். சோதனைக் கருவியில் சர்க்கரை அவ்வளவு உயர்வாகக் காட்டாது என்பதால் ஏமாந்துபோவோம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் உடனே மருத்துவமனை.

சிலர் பட்டினி விரதத்தைத் தொடவே வேண்டாம்: முதல் வகை இனிப்புநீர் உள்ளவர்கள், கருவுற்றிருக்கும் இனிப்புநீர்க்காரர்கள், கடந்த மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்கி மயங்கியவர்கள், சிறுநீரகக் கழுவலில் இருப்பவர்கள், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள். இவர்களுக்கு மூன்று வேளைச் சைவம், மௌனம், கோயில் சமையலில் கைகொடுப்பது என்று வேண்டுதலை மாற்றிக்கொள்ள ஐயரிடம் கேட்கலாம். வீட்டாரும் "சாமி கோபிச்சுக்கும்" என்று வாய் தவறியும் சொல்லாமல் இருக்க வேண்டும். நோயாளியின் குற்ற உணர்ச்சிதான் பல சமயம் மாத்திரையை ஒளிக்க வைக்கிறது.

அருளும் மயக்கமும்

இதை எழுதத் தயக்கம் இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இன்னும் இறங்கினால் பேச்சு குழறும், பார்வை நிலைக்கும், ஆள் தள்ளாடுவார். உறுமி மேளத்தின் நடுவே, கழுத்தில் மாலையோடு நிற்பவருக்கு இது வந்தால் சுற்றி நிற்பவர்கள் என்ன நினைப்பார்கள்? சாமி வந்துவிட்டது என்று வேப்பிலையை எடுப்பார்கள். மேளம் இன்னும் கூடும். அருளின் மீது எனக்கு ஐயமில்லை. தோலைத் தொட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். சில்லென்று நனைந்திருந்தால், பேர் சொல்லிக் கூப்பிட்டும் ஒழுங்கான பதில் இல்லை என்றால், அவர் இனிப்புநீர்க்காரர் என்று தெரிந்தால், விரலைக் குத்திப் பாருங்கள். கருவி இல்லையென்றால் சர்க்கரை கொடுத்துவிடுங்கள். தவறாகக் கொடுத்த 15 கிராம் சர்க்கரையால் பெரிய கெடுதல் இல்லை. கொடுக்காமல் விட்டால் உயிரே போகலாம்.

15 கிராம் என்பது மூன்று தேக்கரண்டிச் சீனி, அரை கிளாஸ் தண்ணீரில். அல்லது ஒரு மேசைக்கரண்டித் தேன். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, இன்னும் 4-க்குக் கீழே என்றால் அதே அளவு இன்னொரு முறை. தெளிந்ததும் சோறோ ரொட்டியோ சாப்பிட வைத்து, அன்றைய விரதத்தை அங்கேயே முடிக்க வேண்டும். விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, தீர்த்தம் உட்பட, நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-ஐ அழையுங்கள். கிளிக்லசைட் சாப்பிட்டவர் தெளிந்துவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள். மருந்தின் வேகம் பல மணி நேரம் நீடிக்கும், இரவில் மறுபடி இறங்கும். சில இரத்தக் கொதிப்பு மாத்திரைகள், குறிப்பாக பிசோப்ரோலோல், எடெனோலோல் போன்றவை படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். அவர்களுக்கு வியர்வை ஒன்றே அடையாளமாக மிஞ்சலாம். எதிர்ப்பக்கம், சர்க்கரை 16.7-ஐத் தாண்டினாலும் விரதத்தை நிறுத்திக் கிளினிக் வர வேண்டும்.

இரண்டாம் நாள் வலிப்பு

தோட்டங்களில் சம்சு என்ற மலிவுச் சாராயம் என்ன செய்திருக்கிறது என்று புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தினமும் நிறையக் குடித்துப் பழகியவர் காப்புக் கட்டிய அன்றே சுத்தமாக நிறுத்துகிறார். மனைவிக்கு நிம்மதி. ஆனால் 6 மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கலாம். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாத உருவங்கள் தெரிந்து, காய்ச்சலோடு பிதற்றலாம். விரதத்தில் ஏதோ குறை, அதனால் வந்த சோதனை என்று வீட்டில் பரிகாரம் தேடுவார்கள். சாராயத்துக்குப் பழகிய மூளை அது திடீரென்று இல்லாமல் தறிகெட்டு ஓடுவதுதான் காரணம். மருந்தால் கட்டுப்படுத்தலாம், விட்டால் மரணம்வரை போகும். காலையில் எழுந்ததும் கை நடுங்கி, குடித்தால்தான் நிற்கிறது என்ற நிலையில் உள்ளவர் விரதத்துக்கு முன்பே கிளினிக் வந்து, மருந்தோடு நிறுத்த வேண்டும். அவர் மனம் இளகியிருக்கும் காலம் அது. "அண்ணே, நிறுத்துறதே பெரிய காரியம், நான் கூட வர்றேன்" என்று ஒருவர் கிளம்பினால் அவர் வந்துவிடுவார்.

சிகரெட்டுக்கு இந்த ஆபத்து இல்லை. அன்றே நிறுத்தலாம். அரசாங்க கிளினிக்குகளில் புகை நிறுத்தும் பிரிவு இருக்கிறது, 49-ஆம் நாளுக்கு இப்போதே தேதி வாங்கி வையுங்கள்.

நடக்கும் நாள்

ஈப்போ புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்கோ, பத்துமலையின் 272 படிகளுக்கோ, எங்கே போனாலும் விடியலுக்கு முன் புறப்படுவது நல்லது. பத்து மணிக்கு மேல் தார்ச்சாலை கொதிக்கும். பாத நரம்பு மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்ததே வீட்டுக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் பாதம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே சோதிக்கலாம்: கிளினிக்கில் 10 கிராம் நைலான் இழையைப் பாதத்தில் அழுத்திப் பார்ப்பார்கள், இரண்டு நிமிட வேலை. உணர்ச்சி குறைவு என்றால் கோயில் நிர்வாகத்திடம் சொல்லிக் கெட்டியான காலுறை போட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததும் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கை ஒற்றித் துடைத்து, அடிப்பாகத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கொப்புளத்தை உடைக்கவோ மஞ்சள் அப்பவோ வேண்டாம். காயம் இருந்தால் அன்றே வாருங்கள். காலில் புண்ணோடு ஆற்றில் குளிக்காதீர்கள், எலிச் சிறுநீர்க் காய்ச்சல் அந்த வழியாக ஏறலாம்.

அலகு குத்துபவர் வார்ஃபரின், ஆஸ்பிரின், குளோபிடோகிரல் ஏதாவது எடுத்தால் முன்பே சொல்ல வேண்டும்; தானாக நிறுத்தினால் இதயத்திலோ மூளையிலோ இரத்தம் கட்டி அடைக்கலாம், நிறுத்தாமல் குத்தினால் இரத்தம் நிற்காது. அவருக்கு அலகு வேண்டாம், பால்குடம் போதும் என்பது என் கருத்து. மற்றவர்களுக்கும் ஒருவருக்குக் குத்திய ஊசி இன்னொருவருக்குக் கூடாது; டெட்டனஸ் ஊசி போட்டு 10 ஆண்டு ஆகியிருந்தால் புதுப்பிக்க வேண்டும்.

காவடி இறக்கிய இரவில் தோள்வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக்கோ போன்ஸ்தானோ வாங்கிப் போடுவது சகஜம். இங்கேதான் சிறுநீரகம் அடிபடுகிறது. பெரிண்டோபிரில் போன்ற கொதிப்பு மாத்திரை, நீர் இறக்கும் மாத்திரை, இந்த வலி மாத்திரை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து, உடம்பில் தண்ணீரும் வற்றியிருந்தால், சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த அழுத்தம் சரிந்துவிடும். பாரசிட்டமோல் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 8-க்கு மேல் கூடாது. அது போதும்.

தண்ணீர்ப் பந்தல் போடும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிவப்புச் சிராப்புக்குப் பக்கத்தில் ஒரு தோம்பில் வெறும் தண்ணீரும் இன்னொன்றில் மோரும் வையுங்கள். 100 பேருக்குத் தலைக்கு 200 மில்லி என்றால் 20 லிட்டர்: தயிர் 4 லிட்டர், ஆறிய கொதிநீர் 16 லிட்டர், உப்பு 4 தேக்கரண்டி, இஞ்சி, கறிவேப்பிலை. உப்பை அதற்கு மேல் கூட்டினால் கொதிப்புக்காரருக்கு ஆகாது. மீன் சந்தையின் கட்டி ஐஸை உடைத்துப் போடாதீர்கள், உண்பதற்கான குழாய் ஐஸ் மட்டும். அன்னதானச் சோறும் சாம்பாரும் அடுப்பிலிருந்து இறங்கிய நேரத்தை மூடியில் எழுதி ஒட்டி, 4 மணி நேரம் தாண்டியதைக் கொட்டிவிடுங்கள். தேங்காய்ச் சட்னி அதற்கும் முன்னே புளிக்கும். பந்தலில் ஒருவர் கையில் சர்க்கரை பார்க்கும் கருவியும் சீனிப் பொட்டலமும் இருக்கட்டும். "மாமா, கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்று கேட்கத் தெரிந்த ஆளாக அவர் இருந்தால் நல்லது.

காப்பு அவிழ்த்த வாரத்தில், மாற்றித் தந்த மருந்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவரவும் சிறுநீரக இரத்தப் பரிசோதனை செய்யவும் ஒருமுறை கிளினிக் வாருங்கள். வீட்டில் சேர்ந்த மிச்ச அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். காலாவதித் தேதி பார்த்து, பயன்படுத்தக்கூடியதைக் கணக்கில் கழித்து மீதி மருந்தை மட்டும் கொடுப்போம்.