பிறக்காத கன்றுகளை எண்ணிய கதை

"தாய் மாட்டுக்குப் போட்ட அதே காளையின் சினை ஊசியை, அது ஈன்ற கிடேரிக்கும் போட்டுவிட்டார்கள். நாலாம் மாதம் கன்று வீசிவிட்டது. அதுதான் காரணமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கன்று வீச்சுக்கு, அதாவது கருச்சிதைவுக்கு, தொற்றுநோய் உட்படப் பல காரணங்கள் உண்டு. முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஆனாலும் உங்கள் சந்தேகம் நியாயமானது.

ஒவ்வொரு மரபணுவிலும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதிகள். ஒன்று பழுதானாலும் பெரும்பாலும் மற்றது சமாளித்துவிடும். தகப்பனையும் மகளையும் சேர்த்தால், பிறக்கும் கன்றுக்குச் சராசரியாக 25 விழுக்காடு இடங்களில் இரண்டும் ஒரே மூலத்தின் நகல்களாகிவிடும். பழுது இருந்தால் இரண்டிலும் பழுதுதான். பால் குறையும், சினை பிடிக்காது, ஈற்று இடைவெளி நீளும்.

இதில் என்னை ஆண்டுக்கணக்காகப் பிரமிக்க வைப்பது ஒரு காளையின் கதை. 1962இல் அமெரிக்காவில் பிறந்த, ஹோல்ஸ்டீன் என்ற கறவை இனக் காளை, பானீ ஃபார்ம் அர்லிண்டா சீஃப். உறைவிந்து மூலம் அதற்குப் பிறந்த மகள்கள் மட்டும் 16,000க்கு மேல். கொள்ளுப்பேத்திகள் 20 லட்சத்துக்கு மேல். மகள்கள் பாலாகக் கொட்டின. அதனால் மகன்களையும் பேரன்களையும் எல்லோரும் பொலிகாளை ஆக்கினார்கள். அமெரிக்க ஹோல்ஸ்டீன் இனத்தின் மரபணுத் தொகுதியில் சுமார் 14 விழுக்காடு இந்த ஒரு காளையுடையது.

அதன் உடம்பில் ஒளிந்திருந்த பழுது பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. நோயுற்ற கன்று பிறந்தால்தானே தெரியும்? இங்கே கன்றே பிறக்கவில்லை.

2011இல் அமெரிக்க வேளாண் துறையின் பால் வான்ரேடனும் குழுவினரும் அதைப் பிடித்த விதம் அபாரம். அவர்களிடம் 58,000க்கு மேற்பட்ட ஹோல்ஸ்டீன் மாடுகளின் டி.என்.ஏ. விவரம் இருந்தது. ஒரு குரோமோசோம் துண்டின் குறிப்பிட்ட ஒரு வடிவத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு பிரதி வைத்திருக்கும் மாடுகள் ஏராளம். அப்படிப்பட்ட காளையும் பசுவும் சேர்ந்தால் நாலில் ஒரு கன்றுக்கு இரண்டு பிரதியும் வர வேண்டும். பட்டியலைத் தேடினார்கள். ஒரு மாடுகூட இல்லை! மாதிரி எடுத்ததெல்லாம் உயிரோடிருந்த மாடுகளில். இரண்டு பிரதி பெற்றவை கருப்பையைத் தாண்டவே இல்லை. சினைப் பதிவேடுகளைப் புரட்டினால், அந்தத் துண்டைச் சுமக்கும் இரு தரப்பும் சேர்ந்த இடங்களில் சினை தங்குவதும் குறைந்திருந்தது. வம்சாவளியைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால் சீஃப் நின்றது.

பிறகு அதன் டி.என்.ஏ.வை வரிசைப்படுத்தியபோது, ஏ.பி.ஏ.எஃப்.1 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த எழுத்து "நிறுத்து" என்ற கட்டளையாகிவிட, புரதம் பாதியிலேயே அறுந்துபோகிறது. கருவில் தேவையற்ற செல்களை உரிய நேரத்தில் மடியச் செய்வது அந்தப் புரதத்தின் வேலை. செல் மடிய வேண்டிய இடத்தில் மடியாவிட்டால் உறுப்பு உருவாகாது, கரு இறந்துவிடும். இப்படி உலகெங்கும் சுமார் 5,25,000 கருக்கள் போயிருக்கும், இழப்பு 42 கோடி டாலர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. சீஃபின் வம்சம் கூட்டிக்கொடுத்த பாலின் மதிப்பு அதைவிடப் பல மடங்கு என்பதும் உண்மை. அதனால்தான் ஒரே காளையின் மேல் ஆசை விடுவதில்லை. இன்று பொலிகாளைகளை இந்தப் பழுதுக்குச் சோதித்து, சுமப்பவற்றை ஒன்றோடொன்று சேர்க்காமல் தவிர்க்கிறார்கள்.

கன்று வீசினால் கண்ணேறு என்று எலுமிச்சம்பழம் சுற்றுகிறோம். அந்தப் பழக்கம் மாட்டின் வம்சத்தைக் கேட்கும் வாய்ப்பையே அடைத்துவிடுகிறது என்பது என் வருத்தம். பல பத்தாண்டுகள் விடாமல் பதிவு வைத்த நாட்டால்தான் பிறக்காத கன்றை எண்ண முடிந்தது. நம் மாடுகளுக்கும் 12 இலக்கக் காதுவில்லை வந்துவிட்டது. எந்த ஊசி, எப்போது, என்ன ஆனது என்று அந்த எண்ணோடு சேர்த்து எழுதும் ஆட்களுக்கு அரசு தாராளமாகச் சம்பளம் ஒதுக்க வேண்டும்.

வாசகருக்கு ஒன்று: உறைவிந்துக் குச்சியின் மேல் காளையின் எண் அச்சிட்டிருக்கும். ஊசி போட்டதும் அந்தக் குச்சியைத் தூக்கி எறியாமல் வாங்கி, எண்ணை நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை ஊசி போட வருபவரிடம் கிடேரியின் தகப்பன் எண்ணைக் காட்டி, வேறு காளை கேளுங்கள்.