முதல் சூட்டிலேயே கிழடாகிவிடும் கேஸ்

போன வேட்டைக் காலத்தில் ஒருவர் தன் லீ-என்ஃபீல்டு என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கூடவே விரல் நகம் அளவுக்கு ஒரு பித்தளைத் துண்டு. சுட்டுவிட்டு, தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் போல்ட்டை இழுத்தபோது கேஸின், அதாவது தோட்டாவின் பித்தளைக் கூட்டின், அடிப்பாகம் மட்டும் வெளியே வந்திருக்கிறது; மீதி குழாய்போல, தோட்டா உட்காரும் சேம்பருக்குள்ளேயே சிக்கிவிட்டது. "வெடிமருந்து அதிகமாப் போட்டுட்டேனா?" என்றார். இல்லை, கையேட்டில் உள்ள ஆரம்ப அளவைத்தான் போட்டிருந்தார். ஆனால் அதே கேஸைத் திரும்பத் திரும்ப நிரப்பிச் சுட்டதில் அது நாலாவது சூடு.

நான் கனடாவில் துப்பாக்கி பழுதுபார்ப்பவன். இங்கே லைசென்ஸ் உள்ளவர்கள் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ளலாம். இந்தியாவில் உரிமம் இல்லாமல் செய்தால் ஆயுதச் சட்டப்படி குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த ரைஃபிளுக்கான .303 பிரிட்டிஷ் கேஸ் சேம்பரில் உட்காருவது அடிவிளிம்பை வைத்துத்தான், கழுத்துக்குக் கீழே சரியும் தோளை வைத்து அல்ல. சேறு ஒட்டிய தோட்டாவும் உள்ளே போகவேண்டும் என்று ராணுவத்துக்காகச் சேம்பரைத் தாராளமாகக் குடைந்தார்கள். விளிம்புக்கு விட்டிருக்கும் இடமே 0.064 முதல் 0.074 அங்குலம் வரை போகும். புதுக் கேஸின் விளிம்போ 0.064-ஐத் தாண்டாது. இரண்டு தாள் கனத்துக்கு இடைவெளி, அவ்வளவுதான். ஆனால் சுடும்போது கேஸின் மெல்லிய முன்சுவர் சேம்பரைக் கவ்விக்கொள்ள, தடித்த அடிப்பாகம் அந்த இடைவெளியில் பின்னால் தள்ளப்படுகிறது. நடுவில் மாட்டிய பித்தளை ஜவ்வாக இழுபட்டு மெலிகிறது. பெரிய இழுப்பு முதல் சூட்டில்தான்.

அதனால் புதுக் கேஸில் வாயின் நெளிவை எடுப்பது, பிசிறு சீவுவது, நீளம் 2.222 அங்குலத்துக்குள் இருக்கிறதா என்று அளப்பது எல்லாம் சரி. அதைவிட முக்கியம், முதல் தடவை சுடும்போது கேஸ் போல்ட்டோடு ஒட்டி நிற்பது. விளிம்புக்கு முன்னால் சின்ன ரப்பர் வளையம் ஒன்றை மாட்டினால் போதும், அது கேஸைப் பின்னால் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். தோள் முன்னால் விரிந்து அந்தச் சேம்பரின் வடிவத்துக்கே வந்துவிடும். அடுத்த தடவை வளையம் வேண்டாம். கேஸுக்கு எண்ணெய் தடவிச் சுடுபவர்களும் உண்டு. நான் செய்ய விடமாட்டேன். போல்ட் மீது விழும் சுமை கூடும்.

இத்தனையும் செய்துவிட்டு, கேஸை அளவுக்குக் கொண்டுவரும் அச்சான டையை அடிவரை இறக்கி முழுக்கேஸையும் பழைய அளவுக்கு நசுக்கினால் பட்ட பாடெல்லாம் வீண். நம்மவர் செய்தது அதுதான், ஒவ்வொரு தடவையும். டையால் கழுத்தை மட்டும் நசுக்கினால் போதும். அப்புறம், அந்தக் கேஸ் அந்த ஒரு ரைஃபிளுக்கு மட்டும்தான்.

கேஸ் உள்ளே மெலிந்திருக்கிறதா என்று தெரிய, பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் வளைத்துக் கூராக்கிக் கேஸுக்குள் விட்டு, அடியிலிருந்து மேலே உரசிப் பாருங்கள். பள்ளம் இருந்தால் நுனி தடுக்கும், கைக்கே தெரியும். அவர் பெட்டியில் மீதி இருந்த பத்தொன்பதையும் அப்படிப் பார்த்தோம். பதினான்கில் தடுக்கியது. அத்தனையையும் குறட்டால் நசுக்கிப் பழைய பித்தளை டப்பாவில் போட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை.