கிழக்குக் கடலா, கீழைக் கடலா?

வடகொரியா ஏவுகணை வீசும்போதெல்லாம் இந்தத் தொல்லை வந்துவிடுகிறது. "கிழக்குக் கடலில் விழுந்தது" என்று தென்கொரிய ராணுவம் அறிவிக்கும். "ஜப்பான் கடலில் விழுந்தது" என்று ஜப்பான் அறிவிக்கும். இரண்டும் ஒரே கடல்தான். நம் செய்திகளில் மட்டும் அது "கீழைக் கடல்" ஆகிவிடுகிறது. ஏவுகணைச் செய்தியில் கேட்டபோது பொறுத்துக்கொண்டேன். போன வாரம் பழைய நிலப்படங்களைப் பற்றிய ஒரு கட்டுரையிலும் அதே சொல்லைப் பார்த்தேன். அந்த ஒரு சொல் கட்டுரையையே கவிழ்த்திருந்தது.

கொரிய மொழியில் இந்தக் கடலின் பெயர் தொங்ஹே. தொங் என்றால் கிழக்கு, ஹே என்றால் கடல். கி.பி. 414இல் நிறுத்தப்பட்ட கொரிய மன்னர் குவாங்கெத்தோவின் கல்வெட்டிலேயே இந்தப் பெயர் இருக்கிறது. தென்கொரிய நாட்டுப்பண் தொடங்குவதும் இந்தப் பெயரில்தான். ஆக, நேர்ச்சொல் கிழக்குக் கடல். நடுவில் 'க்' கட்டாயம் வேண்டும். "தொங்ஹே கடல்" என்று எழுதுகிறவர்கள் கிழக்குக் கடல் கடல் என்று எழுதுகிறார்கள். இதே கடலில் உள்ள தீவைத் "தொக்தோ தீவு" என்பதும் அப்படியே, அங்கே 'தோ' என்பதே தீவு.

கிழக்கு, கீழை இரண்டுக்கும் வேர் 'கீழ்'. நம் நிலம் மேற்கே மலையாக உயர்ந்து கிழக்கே கடலை நோக்கித் தாழ்கிறது. அதனால் தாழ்ந்த பக்கம் கிழக்கு, உயர்ந்த பக்கம் மேற்கு. வேர் ஒன்றுதானே, எதைப் போட்டால் என்ன என்று கேட்பார்கள். கீழை நாடுகள், கீழைத் தேயம், கீழைத் தத்துவம் என்று நூறு ஆண்டுகளுக்கு மேலாக எழுதி, ஐரோப்பாவிலிருந்து பார்க்கும்போது தெரிகிற ஆசியாவுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டோம். இன்று 'கீழை' என்று படிப்பவர் மனத்தில் திசை வருவதில்லை, ஒரு கண்டம் வருகிறது.

இந்த இடத்தில்தான் பழைய நிலப்படங்கள் வருகின்றன. 1992இல் தென்கொரியா ஐ.நா.வின் புவியியல் பெயர்கள் மாநாட்டில் கிழக்குக் கடல் என்ற பெயர் வேண்டும் என்று பிரச்சினை எழுப்பியது. 1920களின் இறுதியில் பன்னாட்டு நீர்வரைவியல் அமைப்பு கடல்களின் எல்லைகளை வகுத்து வெளியிட்டபோது, கொரியா ஜப்பானின் குடியேற்ற நாடாக இருந்தது, பேச வாயில்லை என்பது அதன் வாதம். அதற்குப் பிறகு இரண்டு அரசுகளும் உலக நூலகங்களில் இறங்கிப் பழைய படங்களைத் தேடி எண்ண ஆரம்பித்தன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் கடலுக்குப் பெயர் குறித்த 1,435 படங்களில் 1,110 ஜப்பான் கடல் என்கின்றன என்று ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. கொரியத் தரப்போ கொரியக் கடல், கீழைக் கடல் என்று எழுதிய படங்களையெல்லாம் கிழக்குக் கடல் கணக்கில் சேர்த்தது. ஜப்பான் மறுத்தது இதைத்தான்: பழைய ஐரோப்பியப் படங்களில் உள்ள 'மெர் ஓரியாந்தால்' (பிரெஞ்சில் கீழைக் கடல்) ஐரோப்பாவுக்குக் கிழக்கே உள்ள உலகத்தின் கடல், கொரியாவுக்குக் கிழக்கே உள்ள கடல் என்று அதற்குப் பொருள் இல்லை.

யார் பக்கம் நியாயம் என்பது வேறு விஷயம். சண்டையே இந்த இரண்டு சொற்களின் இடைவெளியில் நடக்கிறது. "கொரியா கீழைக் கடல் என்ற பெயரைக் கோருகிறது, கீழைக் கடல் என்பதும் தன் பெயரே என்கிறது" என்று அந்தக் கட்டுரையில் ஒரு வரி. மொழிபெயர்த்தவர் இரண்டு சொல்லையும் ஒன்றாக்கிவிட்டார். படிக்கிறவருக்கு வழக்கு என்னவென்றே புரியாது.

'கீழை'க்காகப் பேசுகிறவர்கள் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, கீழைச் சாளுக்கியர். அங்கே கீழை வெறும் திசைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது வரலாற்றுப் பாடத்தில் உறைந்துபோன பெயர். புதிதாக ஒரு சொல் ஆக்கும்போது இன்றைய காதுக்கு என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும். இன்னொன்று கொஞ்சம் வலுவானது: கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்வருகிறவருக்குக் கிழக்குக் கடல் என்றால் வங்கக் கடல்தானே? உண்மைதான். சங்கப் பாடலின் குணகடலும் அதே கடல்தான். அதற்கு மருந்து முதல் முறை "கொரியாவின் கிழக்குக் கடல்" என்று எழுதுவது. அப்புறம் கிழக்குக் கடல் போதும். ஒரு குழப்பத்துக்குப் பயந்து இன்னொரு கடலின் பெயரை எடுத்து ஒட்டக் கூடாது.

தன் கரையில் நின்று கடலுக்குத் திசைப் பெயர் வைப்பது எல்லா ஊரிலும் உண்டு. வியட்நாமியர் கிழக்குக் கடல் என்பது தென்சீனக் கடலை. சீனர் அப்படிச் சொல்வது கிழக்குச் சீனக் கடலை. ஜெர்மானியருக்கு அது பால்டிக் கடல். அதே பால்டிக் எஸ்தோனியருக்கு மேற்குக் கடல். செய்தியை மொழிபெயர்க்கிறவர் யார் பேசுகிறார் என்று ஒரு நொடி பார்த்தால் போதும். அதைப் பார்க்காமல், கொரிய ஏவுகணையைக் கிழக்குச் சீனக் கடலில் விழவைத்த செய்தியையும் படித்திருக்கிறேன். அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த செய்திக்கு ஓடுகிறார்கள்.

பிரெஞ்சுப் படவரைஞர் கியோம் டெலீல் 1705இல் வரைந்த படத்தில் இந்தக் கடல்மேல் 'மெர் ஓரியாந்தால் ஊ மெர் த கோரே' என்று எழுதியிருக்கிறார். 'ஊ' என்றால் அல்லது. அந்தப் படத்தை அச்சிட்டால் கீழே "கீழைக் கடல் அல்லது கொரியக் கடல்" என்று போடுங்கள். கீழைக் கடல் என்ற சொல்லுக்கு உரிய இடம் அதுதான். அதே பக்கத்தில் தென்கொரியாவின் கோரிக்கையைச் சொல்லும்போது கிழக்குக் கடல் என்று எழுதுங்கள்.