ரெமிஷன்: நிவாரணம் அன்று, தணிவு

புற்றுநோய்ச் சிகிச்சை பற்றிய தமிழ்க் கையேடுகளில் ‘ரெமிஷன்’ (நோய் பின்வாங்கி அடங்கியிருக்கும் நிலை) வரும் இடங்களில் ‘நிவாரணம்’ என்று எழுதும் வழக்கம் பரவிவருகிறது. சிலர் ஒருபடி மேலே போய்க் ‘குணம்’ என்றே எழுதிவிடுகிறார்கள். இரண்டும் பிழை, இரண்டாலும் நோயாளிக்குத் தீங்கு உண்டு.

இலத்தீன் மூலத்தில் இச்சொல்லுக்குத் திருப்பி அனுப்புதல், தளர்த்துதல் என்று பொருள். பாளையங்கோட்டைத் தேவாலயங்களில் பாவமன்னிப்பு எனப்படுவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல் வழங்குகிறது. நோயின் பிடி தளர்வதைக் குறிக்க மருத்துவம் அதை எடுத்துக்கொண்டது.

அந்தத் தளர்வுக்கு இன்று அளவுகோல் உண்டு. கடும் இரத்தப் புற்றுநோயில், எலும்பு மஜ்ஜையில் முதிராத அணுக்கள் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, இரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரடைந்து, உடலில் வேறெங்கும் நோய் தென்படாதிருந்தால் அது முழு ரெமிஷன். நுண்ணோக்கிக்குத் தட்டுப்படாத புற்றணுக்கள் அப்போதும் மிஞ்சியிருக்கக்கூடும். பத்தாயிரத்தில் ஒன்றாக ஒளிந்திருப்பதையும் தேடிப் பிடிக்கும் சோதனைகள் வந்தது அதனால்தான். 1947-48இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் பின்வாங்கியது, ஆனால் நிலைக்கவில்லை. அவருடைய கட்டுரைத் தலைப்பிலேயே ‘தற்காலிக’ என்ற அடைமொழி இருந்தது. அந்த மருந்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

இப்போது ‘நிவாரண’த்துக்கு வருவோம். வடமொழியில் அது தடுத்தல், விலக்குதல். தமிழில் அது நெடுநாளாகவே துயர் துடைக்கக் கொடுக்கப்படும் உதவியைக் குறிக்கிறது. 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி ஊரை முக்கியபின் ரேஷன் கடையில் 6,000 ரூபாய் வாங்கிய குடும்பத்தைக் கேட்டால், நிவாரணம் என்பது ஒருமுறை வந்து முடிகிற ஒன்று என்றுதான் சொல்லும். ‘வலி நிவாரணி’யிலும் வலி போய்விட்டது என்ற பொருளே மனத்தில் படிகிறது. ‘நோய் முழு நிவாரணம் அடைந்துள்ளது’ என்று அச்சிட்ட ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “நிவாரணம்னு எழுதியிருக்காவளே அண்ணாச்சி, இனிமே பிள்ளைக்கு மாத்திரை வேண்டாம்லா?” என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். அவர் தாளில் இருந்ததைச் சரியாகவே படித்தார். தாள்தான் தவறாகச் சொன்னது. குழந்தைகளுக்கு வரும் கடும் லிம்ஃபோபிளாஸ்டிக் இரத்தப் புற்றுநோயில் பெரும்பாலும் முதல் மாதத்திலேயே ரெமிஷன் கிட்டிவிடுகிறது. ஆனால் சிகிச்சை மொத்தம் 2 முதல் 3 ஆண்டுகள் தொடர வேண்டும். நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பிவர இடம் கொடுத்ததாகும்.

‘நிவாரணம்’ வடசொல் என்பதற்காக மட்டும் நான் அதைத் தள்ளவில்லை. ‘குண’மும் வடசொல்தான், அது நம் நாவில் ஊறிவிட்டது. ஊறிய சொல் என்பதாலேயே அதை இங்கே பயன்படுத்தக் கூடாது. குணம் என்றால் முற்றும் தீர்ந்தது என்றே எவரும் கொள்வர். நோயாளியின் நோயெதிர்ப்பு அணுக்களையே மாற்றியமைத்துப் புற்றணுக்களைத் தாக்கவைக்கும் கார்-டி செல் சிகிச்சை 2023இல் இந்தியாவில் அனுமதி பெற்றது. அதைப் பற்றி எழுதும்போதும், எத்தனை பேரிடம் நோய் பின்வாங்கியது என்ற கணக்கை எத்தனை பேர் குணமடைந்தார்கள் என்று மாற்றிவிடுவது மொழிபெயர்ப்பு அன்று. மருத்துவச் சான்றையே திரிப்பது.

‘தணிவு’ நம்மிடம் இருக்கிறது. வெயில் தணிந்ததும் வயலுக்குப் போகிறோம், பிள்ளைக்குக் காய்ச்சல் தணிந்ததா என்று கேட்கிறோம். மறுநாள் வெயிலோ இரவில் காய்ச்சலோ வராது என்று யாரும் எண்ணுவதில்லை. அணைந்த தீ வேறு, கங்கு உள்ளே கிடக்கத் தணிந்த தீ வேறு. வள்ளுவரும் ‘நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி’ என்றார். ஒழிக்கும் வாய் என்னவில்லை. இச்சொல் நம்பிக்கை தராது, மங்கலாக இருக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர் சிலர் மறுக்கிறார்கள். நம்பிக்கை ஊட்டுவது மருத்துவரின் பேச்சு செய்ய வேண்டிய வேலை. கலைச்சொல் உள்ளதைச் சொன்னால் போதும். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, அதைப் படிக்கும் தாய்க்கு என்ன விளங்கும் என்று ஒரு கணமும் எண்ணாத பழக்கமே இத்தனைக்கும் காரணம்.

முழுத் தணிவு, பகுதித் தணிவு, தானாக நேர்ந்த தணிவு என்று அடைகள் எளிதில் சேர்கின்றன. தணிந்த நோய் திரும்புவதற்கு ‘மீள்வு’ வேண்டாம். நோயாளி நலம் மீண்டதாகப் பொருள்படும். ‘நோய் திரும்பல்’ என்றே எழுதலாம்.