கண்ணுக்குள் போகும் ஒரு மில்லிமீட்டர்: அறுவைக் கருவி செய்ய நினைப்பவர்களுக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் சாமணமும் சின்ன அரமும் பிடித்த கைகள் கண்ணி கோக்கும் நேர்த்தியைப் பார்த்தால், கண் அறுவைக் கருவியை இந்த ஊரிலேயே ஏன் செய்யக்கூடாது என்று தோன்றும். கஞ்சமலை அடிவாரத்தில் எவர்சில்வர் தகடு உருட்டும் உருக்காலை இருக்கிறது. பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஏற்காட்டுத் தோட்டங்களிலிருந்து, கண்புரை முற்றிப் பழுப்பேறிய பிறகே மலை இறங்கி வருகிறவர்களும் உண்டு. எண்ணம் நல்லதுதான். புதுக் கருவிகள் எங்கே தோற்கின்றன என்று தெரிந்துகொண்டு இறங்கினால் நோயாளியின் கண் தப்பும், உங்கள் பணமும் மிஞ்சும்.

முதலில் கண்ணின் அளவுகள் மனப்பாடமாக வேண்டும். கருவிழியின் மேலுள்ள கார்னியா ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் அகலம், நடுவில் அரை மில்லிமீட்டர் கனம். அதற்கும் லென்ஸுக்கும் இடையே கருவி திரும்ப வேண்டிய இடம் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழம். லென்ஸைச் சுற்றியுள்ள உறையின் பின்பக்கம் வெறும் 4 மைக்ரான். தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அது கிழிந்தால் பின்னால் உள்ள விட்ரியஸ் கூழ் முன்னே வரும், லென்ஸ் துண்டுகள் விழித்திரை மேல் விழும், இரண்டாவது அறுவை தேவைப்படலாம். கார்னியாவின் உட்பக்கம் ஒற்றை அடுக்காக இருக்கும் செல்களோ போனால் போனதுதான், மறுபடி வளராது. பெரியவர்களுக்குச் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2500 இருக்கும். 500க்குக் கீழே இறங்கினால் கார்னியா நீர்கோத்து மங்கிவிடும். கருவியின் முதுகு ஒருமுறை அங்கே உரசினாலும் அந்த இடத்துச் செல்கள் போய்விடும். ஆகவே படம் வரையும்போது முனைக்குக் கொடுக்கும் கவனத்தை முதுகுக்கும் கொடுங்கள்.

அடுத்து, தீர்க்கப்போகும் சிக்கலை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் கருவிக்கு இன்னும் நேரம் வரவில்லை. நேபாளத்தின் லஹானில் கண் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஹென்னிக் எதிர்கொண்ட சிக்கலை அப்படி எழுதிவிடலாம்: தையலில்லாத சுரங்க வெட்டின் வழியே முற்றிய லென்ஸ் கருவை (லென்ஸின் கெட்டியான நடுப்பகுதியை), கண்ணுக்குள் அதிக இடம் பிடிக்காமல் வெளியே இழுக்க வேண்டும். விடையாக வந்தது 30 கேஜ் (எண் கூடக்கூட ஊசி மெலியும்), அரை அங்குல ஊசி. அதன் நுனியை வளைத்துத் தூண்டில்முள் ஆக்கினார். கருவின் மேலும் கீழும், கண்ணுக்குள் இடம் காக்கும் விஸ்கோ கூழை நிரப்பி, கொக்கியைப் பக்கவாட்டில் படுக்க வைத்துக் கருவுக்கு அடியில் நுழைத்து, உள்ளே போனபின் மேல்நோக்கித் திருப்பி, குத்தி இழுப்பது அந்த முறை. கண் மருத்துவர் சார்லஸ் கெல்மன் 1967இல் கொண்டுவந்த, புரையை அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சும் பேகோ கருவிக்கு வித்திட்டது, பல் மருத்துவர் அல்ட்ராசவுண்டால் காரை எடுக்கும் கருவி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் ஜி. வெங்கடசாமி தம் கைக்கு ஏற்ற கருவிகளோடு அறுவை செய்யப் பழகியவர். 1976இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூவரும் தொடங்கிய இடம் கையில் இருந்த ஒரு குறிப்பான இடர்ப்பாடு.

மாதிரிக்கு விலை உயர்ந்த எந்திரம் வேண்டாம். 26 கேஜ் ஊசியை லூப் எனும் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, ஊசி பிடிக்கும் கருவியால் வளைத்தாலே கோணம் சரியா என்று தெரிந்துவிடும். கைப்பிடியை முப்பரிமாண அச்சில் எடுக்கலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: சாதாரண பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியை ஒட்டியே இளகிவிடும், நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் 121 டிகிரி. ஆகவே அது மேசை மாதிரிக்கு மட்டும்.

உலோகத்தில்தான் பட்டறைக்காரர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். சமையல் பாத்திரத்துக்குப் போகும் 304 ரகத்தில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். துருவை நன்றாகத் தாங்கும், ஆனால் எவ்வளவு சூடேற்றித் தோய்த்தாலும் இறுகாது. அதில் செய்த, பல் வைத்த நுனி சில மாதங்களில் மழுங்கும். முனைக்கு 420 ரகம் வேண்டும். குரோமியம் 12 முதல் 14 சதவீதம், கார்பன் கூடுதல், வெப்பப் பதம் ஏற்கும். அந்தக் கார்பனுக்கு விலை துரு. அரத்திலிருந்து ஒட்டிய இரும்புத் துகள் மேற்பரப்பில் தங்கினால் முதல் ஆட்டோகிளேவிலேயே செம்புள்ளி தெரியும். மெருகேற்றியபின் நைட்ரிக் அல்லது சிட்ரிக் அமிலத்தில் தோய்த்து அந்தத் துகளைக் கரைக்கும் பாசிவேஷன் செய்வது இதற்காகத்தான். டைட்டானியம் எஃகின் எடையில் ஐந்தில் மூன்று பங்குகூட இராது. துருப்பிடிக்காது, காந்தமாகாது. எஃகுக் கருவி காந்தமேறிவிட்டால் 10-0 எனும் மிக மெல்லிய நூலின் தையல் ஊசி முனையிலேயே ஒட்டிக்கொள்ளும், விட்டுப் பிரியாது. ஆனால் டைட்டானியம் எஃகைவிட மென்மை. வெட்டும் விளிம்புக்கு உதவாது. வெள்ளி வேலையில் பழகிய பற்றவைப்பையும் இங்கே தவிர்ப்பதே நல்லது. பற்று நின்ற இடத்தில்தான் விரிசலும் அழுக்கும் சேரும்.

கைப்பிடியைப் பொறுத்தவரை, விரலில் உருட்ட வேண்டிய கருவிக்கு உருண்டையும் கிள்ள மட்டும் வேண்டியதற்குத் தட்டையும் பொருந்தும். நீளம் 10 முதல் 12 சென்டிமீட்டர் போதும். மைக்ரோஸ்கோப் லென்ஸுக்கும் கண்ணுக்கும் இடைவெளி 175 அல்லது 200 மில்லிமீட்டர்தான். வால் நீண்டால் லென்ஸில் இடிக்கும், கிருமிநீக்கம் போச்சு. பளபளப்பும் வேண்டாம். மைக்ரோஸ்கோப் விளக்கில் மின்னும் கருவி சர்ஜனின் கண்ணைக் கூசவைக்கும். மங்கலான சாம்பல் நிறமே நல்லது.

முனையைச் சோதிக்க மூன்று வழிகள் கைவசம் இருக்கட்டும். ஃபோர்செப்ஸ் எனும் அறுவைச் சாமணத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெதுவாக மூடுங்கள்: நுனி முதலில் தொட்டு, அழுத்தம் கூடக்கூடப் பின்னால் உள்ள சமதளம் சேர வேண்டும். அழுத்தியதும் நுனி விரிந்து வாய் திறந்தால் கம்பியின் கனம் அல்லது வளைவு தவறு. அடுத்து 10-0 நைலானைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். அந்த நூல் 20 முதல் 30 மைக்ரான் கனம். நழுவவும் கூடாது, அறுபடவும் கூடாது. மூன்றாவது, பிசிர். வெண்பட்டு நெய்கிற ஊரில் ஒரு பட்டு இழைக்கா பஞ்சம்? இழையை முனையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஓடவிடுங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே உறையும் கிழியும்.

பிறகு ஆட்டுக்கண். கறிக்கடையில் அன்றைக்கு வெட்டியதாக, சில மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். நேரம் போனால் கார்னியா வெளுத்து உள்ளே எதுவும் தெரியாது. அதில் வெற்றி பெற்றதை வைத்து மயங்கிவிட வேண்டாம். ஆட்டின் லென்ஸ் உறை நம்முடையதைவிடத் தடித்தது, இழுத்தால் நீளும். கருவும் மென்மை. மனித உறையைக் கிழிக்கும் முனை ஆட்டுக்கண்ணில் சாதுவாக நடந்துகொள்ளும். மாற்று அறுவைக்குத் தகுதியில்லாமல், ஆய்வுக்குச் சம்மதத்தோடு கண் வங்கி தரும் கண்களில் சோதிக்கும் வரை முடிவு சொல்லாதீர்கள்.

இனிச் சொல்வது பலர் வடிவமைக்கும்போது நினைத்தே பார்க்காதது: கழுவுதல். அறுவை முடிந்த 12 முதல் 48 மணி நேரத்துக்குள், வலி அதிகமில்லாமல், கார்னியா ஓரத்திலிருந்து ஓரம் வரை மங்கிப்போனால் அது பெரும்பாலும் டாஸ் எனப்படும் நச்சு அழற்சி. கிருமித் தொற்று வழக்கமாக இன்னும் சில நாள் கழித்து, வலியோடு வரும். டாஸ் வருவதற்கு முக்கியக் காரணங்கள் கேனுலா எனும் மெல்லிய குழலுக்குள் காய்ந்த விஸ்கோ, அலசாமல் விட்ட என்சைம் சோப்பு, அல்ட்ராசோனிக் தொட்டியில் மாற்றாமல் விட்ட தண்ணீர். ஆட்டோகிளேவில் கிருமி சாகும், செத்த கிருமியின் நச்சு அப்படியே இருக்கும். 27 கேஜ் கேனுலாவின் வெளிவிட்டமே 0.4 மில்லிமீட்டர், உள்ளே பிரஷ் போகாது. எனவே துளையுள்ள கருவி வரைகிறவர் அதை எப்படி அலசுவது என்பதையும் சேர்த்து வரைய வேண்டும்: சிரிஞ்ச் பொருந்தும் லூயர் முனை, உள்ளே படிக்கட்டு இல்லாத நேர்த்துளை, முட்டுச்சந்து எங்கும் இல்லாமை. முடியாது என்றால் ஒருமுறை பயன்பாட்டுக்கு என்று அறிவித்துவிடுங்கள். அறுவை முடிந்த உடனே அலச வேண்டும், கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில். போர்வெல் தண்ணீர் பாத்திரத்தில் விடும் வெள்ளைப் படிவத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்பு கேனுலாவையும் அடைக்கும்.

காப்புரிமை கேட்பதாக இருந்தால் மாநாட்டில் காட்டும் முன்பே சென்னை அலுவலகத்தில் தற்காலிக விவரக் குறிப்பைத் தாக்கல் செய்துவிடுங்கள். முழு விவரத்துக்கு 12 மாதம் கிடைக்கும். கருவிக்குக் காப்புரிமை உண்டு, அறுவை முறைக்கு இந்தியச் சட்டத்தில் இல்லை. விற்பனைக்கு மருத்துவச் சாதன விதிகள், 2017 பொருந்தும். எளிய கைக் கருவிகள் பெரும்பாலும் அபாயம் குறைந்த ஏ வகுப்பு. கிருமிநீக்கிய பொட்டலமாக விற்றால் உரிமம் தேவை. மனிதக் கண்ணில் முதல்முறை என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் நோயாளியின் எழுத்துச் சம்மதமும் இல்லாமல் ஒரு கண்ணைக்கூடத் தொடக்கூடாது. "சின்ன மாற்றம்தானே" என்று இதைத் தாண்டிப் போவதை எந்த வகையிலும் ஏற்க முடியாது.

ஒவ்வொரு முறையும் கருவி கண்ணுக்குள் போகும் முன்பும் வெளியே வந்த பின்பும் முனையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள். உள்ளே தங்கும் எஃகுத் துணுக்கிலிருந்து இரும்பு கசிந்து விழித்திரையைக் கெடுக்கும். பின்னாளில் எம்ஆர்ஐ எடுக்கும்போது அது நகரவும் கூடும். முறிந்த முனையைக் குப்பையில் போடாமல், கழுவிக் கிருமிநீக்கி, தேதியும் எத்தனையாவது பயன்பாடு என்பதும் எழுதி டப்பாவில் வையுங்கள். முறிவு எப்போதும் ஒரே வளைவில் நடந்தால் குற்றம் வளைவில். இடம் மாறிக்கொண்டே இருந்தால் வெப்பப் பதத்தில்.