‘எங்க காலேஜ்ல ஒரு புகார்கூட இல்லைங்க’

சென்னைக் கல்லூரிகளில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுக்களில் வெளி உறுப்பினராக உட்காரும் எவருக்கும் இந்த வரி மனப்பாடம். ஆண்டறிக்கையில் ‘வரப்பெற்ற புகார்கள்: 0’ என்று அச்சடித்து, விளையாட்டுக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் அதையும் சாதனையாக வைக்கிறார்கள். அதே அலுவலகத்தில், பாதியில் டி.சி. வாங்கிப்போன மாணவிகளின் கோப்பைப் புரட்டினால் காரணம் என்ற இடத்தில் வரிசையாகக் ‘குடும்பச் சூழ்நிலை’. இந்தக் கல்வியாண்டும் விதிவிலக்கில்லை. அலுத்துவிட்டது.

பூஜ்யம் என்றால் தொல்லை இல்லை என்று அர்த்தமா? சொல்ல வழியில்லை என்றுதான் அர்த்தம். அரக்கோணத்திலிருந்தோ கும்மிடிப்பூண்டியிலிருந்தோ மின்சார ரயிலில் வந்துபோகும் பெண்ணுக்குத் தொல்லை கொடுத்தவனைவிட வீட்டை நினைத்துத்தான் பயம் அதிகம். விஷயம் அப்பா காதுக்குப் போனால் ‘படிச்சது போதும்’ என்று முடித்துவிடுவார்கள். கல்லூரியில் நம்மவர்களோ புகார் வந்ததும் செய்கிற முதல் காரியம், ‘பேரன்ட்ஸைக் கூட்டிட்டு வாம்மா’. அதைப் பார்த்த பிறகு இன்னொருத்தி வாய் திறப்பாளா? அடுத்த பயம் இன்டர்னல் மார்க். குழுவில் துறைத்தலைவரே உட்கார்ந்திருந்தால் அவர் துறைப் பெண் எப்படி வருவாள்? துறைத்தலைவர், டீன், பதிவாளர் யாரும் குழுவில் இருக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவர்கள் தேர்ந்தெடுத்த மூன்று பேர் குழுவில் இருக்க வேண்டும். ‘நல்லா படிக்கிற புள்ளைங்க’ மூவரை முதல்வர் கைகாட்டுவதற்குப் பெயர் தேர்தல் அல்ல.

(இடையில் ஒன்று: முதலாண்டில் 17 வயதுப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுடைய பாலியல் புகார் போக்சோ சட்டத்தில் வரும். காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பிறந்த தேதியைப் பார்க்காமல் ‘உள்ளுக்குள்ளேயே பேசி முடிச்சிடலாம்’ என்று இறங்காதீர்கள்.)

குழுவுக்கு வருவதற்கு முன்னால் பேச ஓர் இடம் வேண்டும். அதற்குத்தான் மாணவிகள் வட்டம்: ஒரு சீனியரும் சில ஜூனியர்களும் உட்கார்ந்து பேசும் சிறு குழு. பெரும்பாலும் நேரம் வைப்பதிலேயே சொதப்பிவிடுகிறார்கள். மாலை 4 மணிக்கு மேல் கூட்டம் என்றால் கல்லூரி பஸ் போய்விடும். ஹாஸ்டல் பெண்கள் நாலு பேர் வருவார்கள். யாருக்குத் தேவையோ அவளால் வர முடியாது. டைம்டேபிளிலேயே வாரம் ஒரு பீரியட் ஒதுக்குங்கள். அறை தரைத்தளத்தில் இருக்கட்டும். மூன்றாம் மாடி என்றால் சக்கர நாற்காலியில் வருகிறவளுக்குக் கூட்டமே இல்லை. ஒரு சீனியருக்கு ஐந்து ஜூனியர். எட்டைத் தாண்டினால் இரண்டு பேர் பேச, மற்றவர்கள் தலையாட்டுவார்கள். சீனியர் வேறு டிபார்ட்மென்ட்டாக இருப்பது நல்லது. பேச்சு ஸ்டாஃப் ரூமுக்குப் போகாது.

எடுத்த எடுப்பில் ‘யாருக்காவது தொல்லை இருக்கா?’ என்று கேட்காதீர்கள். பூஜ்யம்தான் வரும். முதல் ஆறு வாரம் வேறு பேசுங்கள், தமிழிலேயே பேசுங்கள். லேப் ரெக்கார்டு எப்படி எழுதுவது, வைவாவில் என்ன கேட்பார்கள், அரியர் விழுந்தால் என்ன செய்வது, புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் ஏன் ஏறவில்லை, வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா? ரெக்கார்டு எழுதக் கற்றுக்கொள்ள வந்தவள்தான் மூன்றாம் மாதம் மற்றதையும் சொல்வாள்.

அரசுப் பள்ளியிலிருந்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர்களை வகுப்பில் ‘செவன் பாயின்ட் ஃபைவ் எல்லாம் எழுந்திரிங்க’ என்று நிறுத்துகிற வழக்கம் இன்னும் போகவில்லை. உதவித்தொகைப் பட்டியலைச் சாதியோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறார்கள். திருநங்கை மாணவியைப் பழைய பெயரில் அட்டெண்டன்ஸ் எடுக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். இதற்கெல்லாம் ஒரு பைசா செலவில்லை.

கல்லூரிக்குத் தரம் போடும் ‘நாக்’ அமைப்பின் ஃபைலுக்கு இடம் பதிவான (ஜியோடேக்) போட்டோ வேண்டும் என்று வட்டத்துக்குள் கேமராவோடு நுழையாதீர்கள். போட்டோ எடுத்த வாரத்தோடு பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். கோலப் போட்டியை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருத்தி சொல்லிவிட்டால் சீனியர் துப்பறியக் கூடாது. என்று, எத்தனை மணிக்கு, எங்கே என்பதை அவளே அன்றைக்கே எழுதிவைக்கட்டும். வாட்ஸ்அப் செய்திகளை ஆத்திரத்தில் அழித்துவிடக் கூடாது. புகார் தர மூன்று மாதம், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். சமரசம் அவளாகக் கேட்டால் மட்டுமே. அதிலும் பணம் கைமாறக் கூடாது. ராத்திரியில் மனம் உடைந்தால் 14416, ஆபத்தென்றால் 181. ராகிங்குக்கு 1800-180-5522.

கடைசியாக அந்தப் போஸ்டர். குழு உறுப்பினர்களின் பெயரும் எண்ணும் முதல்வர் அறைக்கு எதிரே, சிசிடிவி கேமராவுக்குக் கீழே தொங்குகின்றன. அங்கே நின்று எந்தப் பெண் எண்ணைக் குறித்துக்கொள்வாள்? பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். ஒட்டப் போகும்போது தாழ்ப்பாள் விழுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.